பந்தைப் பார்க்காதவர்

அவர் கால்பந்து பார்க்கும்போது பந்தைப் பார்க்க மாட்டார். மைதானத்தில் இருக்கும் அத்தனை தலைகளும் பந்து போகும் பக்கம் திரும்பும்போது அவருடைய தலை மட்டும் வேறெங்கோ திரும்பியிருக்கும். இதனால் பல நல்ல கோல்களை அவர் பார்த்ததே இல்லை. கூட்டம் எழுந்து நின்று கத்தும். அவர் பக்கத்தில் இருப்பவரிடம், "யாரு போட்டது?" என்று கேட்பார். பதில் தெரிந்த பிறகும் அதில் அவருக்குப் பெரிய ஆர்வம் இருக்காது. அந்தக் கோலுக்கு முன்னால் எதிரணியின் இடப்பக்கம் காக்கும் லெப்ட் பேக் தன் இடத்தை விட்டு எதற்காக நாலடி உள்ளே வந்தான் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் சந்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி இருந்த அந்தச் சந்தில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் ஆபரேட்டர் அக்கா. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஒல்லியாக, உயரமாக இருப்பார். வெயிலோ மழையோ, கையில் கறுப்புக் குடை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் பெண்கள் கூடி நின்று பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் மைதானத்தைப் பார்த்து நடந்து போவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் இருந்ததில்லை.

அவருடைய அப்பா ஒரு மில் அணியின் கோல்கீப்பர். சின்ன வயதில் மகளைக் கூட்டிப்போய், சாப்பாட்டுத் தூக்கோடு கோல் வலைக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவாராம். அப்பாவின் முதுகு அகலமானது. பாதி நேரம் பந்து எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தெரிந்தது மற்ற ஆட்கள்தான். அதனால் மற்ற ஆட்களைப் பார்த்தே பழகிவிட்டது என்று ஒரு தடவை சொன்னார். பெரியவளான பிறகும் கேலரியின் பக்கவாட்டில் உட்கார்ந்து அவர் ஆட்டம் பார்த்ததில்லை. கோலுக்குப் பின்னால்தான். "சைடுல உக்காந்தா யாரு முன்னால போறான், யாரு பின்னால வரான்னுதான் தெரியும். நடுவுல எவ்ளோ சந்து இருக்குதுன்னு தெரியாது" என்பார்.

நான் அவரிடம் முதன்முதலில் பேசியது தொண்ணூற்றிரண்டில். எனக்கு இருபத்து நாலு வயது. பொம்மனஹள்ளியில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் ஷெட்டில் கான்ட்ராக்ட் வேலை. தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்து, மாலையில் இருட்டும்வரை எங்கள் ஏரியா அணியோடு பயிற்சி. கீழ் டிவிஷன் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தோம். நான் நடுக்களத்தில் ஆடுகிறவன். காலில் பெரிய வித்தை இல்லை. ஆனால் ஓடுவேன். களைக்காமல் ஓடுவதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அன்று மூன்று கோல் வாங்கித் தோற்றிருந்தோம். ஆனாலும் வந்தவர் எல்லாம் என் முதுகில் தட்டி, சேகர் ஒருத்தன்தான் உயிரைக் கொடுத்து ஆடினான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா குடையை மடக்கிக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

"நல்லா ஓடுன. எதுக்கு ஓடுனன்னுதான் புரியல."

எனக்குச் சுருக்கென்றது. பந்தைப் பிடுங்கத்தான் என்றேன். எத்தனை தடவை பிடுங்கினாய் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை. அவர் திரும்பி நடந்துவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் அணியை நடத்தியவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தார். அவருடைய ஆட்டமுறை எளிமையானது. பந்தைத் தூக்கி அடி, அருள் பார்த்துக்கொள்வான். அருள் என்பவன் எங்கள் ஃபார்வர்டு; ஆபரேட்டர் அக்காவின் தம்பி. அக்காவைவிட ஒன்பது வயது இளையவன். அழகன். அவன் ஆடுவதைப் பார்க்கவென்றே மர்பி டவுனிலிருந்தெல்லாம் ஆட்கள் சைக்கிளில் வருவார்கள். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அக்கா பயிற்சிக்கும் வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். பொம்பளை வந்து ஆட்டம் சொல்லிக்கொடுத்து ஜெயிக்கிற நிலை தன் அணிக்கு வரவில்லை என்று ஹவில்தார் ஆரம்பத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறே வாரத்தில், அக்கா வரவில்லையா என்று அவரே கேட்கத் தொடங்கினார். எங்களுக்கு ஆச்சரியம். நாங்கள் சொன்னால் எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர், அக்கா சொன்னால் தலையாட்டிக் கேட்கிறாரே என்று.

நான் ஒருநாள் அக்காவிடமே கேட்டேன். "நீங்கல்லாம் அவரு எடது பக்கம் நின்னு பேசறீங்க. அந்தக் காது கேக்கல. ரொம்ப நாளா கேக்கல" என்றார். நாங்கள் வாரத்துக்கு ஐந்து நாள் அந்த மனிதரோடு இருந்தோம். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஹவில்தார் வீட்டம்மாவுக்கே சந்தேகமாகத்தான் இருந்ததாம். அக்கா யாரிடமும் எதுவும் சொல்லாமல் வலது பக்கமாகப் போய் நின்று பேசியிருக்கிறார். அவ்வளவுதான்.

அந்த வருடம் எங்கள் சந்துக்குக் கேபிள் டிவி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தாலி நாட்டு லீக் ஆட்டங்களைக் காட்டினார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த ஒரு நர்ஸிடமிருந்து பழைய வீடியோ பிளேயர் ஒன்று அக்காவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆட்டத்தைப் பதிவு செய்து, அடுத்த ஞாயிறு எங்களை உட்கார வைத்து ஓடவிடுவார். உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் வித்தை காட்டுகிற இடங்களில் எல்லாம் அவருக்கு எரிச்சல்தான். கேமராக்காரனும் எல்லோரையும் போலப் பந்தின் பின்னாலேயே ஓடுகிறான், பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் படத்துக்கு வெளியே இருக்கிறார்கள் என்று புலம்புவார். கோல்கீப்பர் பந்தைத் தூக்கி அடிக்கும்போது மைதானம் முழுக்கத் தெரியும் அல்லவா, அங்கே நிறுத்துவார். நிறுத்திவிட்டு, பங்குத் திருவிழாவில் நம்பர் குலுக்கும் ஹவுஸி விளையாட வைத்திருக்கும் நம்பர் வில்லைகளைத் தரையில் அடுக்குவார். ஒன்று முதல் பதினொன்று ஓர் அணி. பன்னிரண்டு முதல் இருபத்திரண்டு இன்னோர் அணி. பந்துக்கு வில்லையே கிடையாது.

"பந்த விட்டதும் அவங்க என்னா பண்றாங்க பாருங்க" என்று சொல்லி, படத்தை மறுபடி ஓடவிட்டு, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவார். பந்தை இழந்த அணி பின்னால் ஓடவில்லை. பக்கத்தில் இருந்த மூன்று பேர் முன்னால் பாய்ந்தார்கள். ஐந்து எண்ணுவதற்குள் பந்து அவர்களிடமே திரும்பிவிட்டது. திரும்பாவிட்டால் ஐந்துக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து பின்வாங்கினார்கள். அதுவரை அந்த அணியின் ஆட்டங்களை நான் நிறையப் பார்த்திருந்தேன். இதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"பந்தப் புடுங்குனவன் மொதல்ல எதப் பாப்பான்? பந்தத்தான். தல கீழ இருக்கும். அவன் தல தூக்கறதுக்குள்ள நீ அங்க இருக்கணும். தூக்கிட்டான்னா அப்புறம் நீ போயும் பிரயோஜனம் இல்ல, சேகர். நீ எப்பவும் தல தூக்குனவன்கிட்டதான் ஓடற."

நான் ஏன் ஒரு பந்தைக்கூடப் பிடுங்கவில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஓடுவதற்கும் மடக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் கோழியை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை. அவர்கள் வீட்டில் இரண்டு கோழிகளைப் பிடிக்க வேண்டியிருந்தது. பயிற்சிக்கு வந்த எங்களைச் சந்துக்குள் விட்டு, பிடியுங்கள் என்றார். நான் நேராகப் பாய்ந்தேன். கோழி பக்கவாட்டில் நழுவியது. நாலு பேர் சேர்ந்து துரத்தினோம். அது சாக்கடையைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போனது. பெண்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். பிறகு அக்கா வந்தார். நேராகப் போகவில்லை. கோழிக்கு எந்தப் பக்கம் வழி இருக்கிறதோ அந்தப் பக்கமாகச் சுற்றி, வளைந்து, மெதுவாக நடந்தார். என்னைச் சந்தின் திருப்பத்தில் நிற்கச் சொன்னார். கோழி சுவரோரமாக ஒதுங்கியது. சுவரும் நம்ம ஆள்தான் என்று சொல்லிக்கொண்டே குனிந்து எடுத்தார். மைதானத்தில் பக்கக் கோடுதான் அந்தச் சுவர். எதிரணியின் பேக்கிடம் பந்து போகட்டும், அவனுக்குக் கோட்டோரத்தைத் தவிர வேறு வழி இல்லாமல் செய்யுங்கள் என்றார்.

புரிந்தது என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்தில் இறங்கி ஐந்து கோல் வாங்கினோம். எல்லோரும் முன்னால் பாய்ந்தோம். எங்களுக்குப் பின்னால் வயல் மாதிரி இடம் கிடந்தது. ஹவில்தார் தொப்பியைத் தரையில் அடித்துவிட்டுப் போய்விட்டார். அக்கா எங்களைத் திட்டவில்லை. பத்துப் பேரும் சரியாகத்தான் ஓடினீர்கள், ஒருவன் ஓடவில்லை என்று மட்டும் சொன்னார். அது யார் என்று யாரும் கேட்கவில்லை.

ஃபார்வர்டுதான் மடக்குவதை ஆரம்பிக்க வேண்டும். அவன் முதலில் வளைந்து ஓடி, பந்து வைத்திருப்பவன் நடுவில் திருப்பித் தள்ளும் வழியை மறைத்தால்தான் பின்னால் இருக்கிற நாங்கள் ஓடுவதற்கு அர்த்தம். அருள் ஓடவில்லை. ஓடினாலும் நேராக ஒரு நாலடி, பேருக்கு. வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் நடந்த சண்டை சந்து முழுக்கக் கேட்டது. தான் கோல் போடுகிற ஆள், கோழி துரத்துகிற ஆள் இல்லை என்று அவன் சொன்னான்.  மறுநாள் பயிற்சியில் அக்கா ஹவில்தாரின் வலது பக்கம் போய் நின்று ஏதோ சொன்னார். ஹவில்தார் அருளை டிஃபென்சில் ஆடச் சொன்னார். என்னை ஃபார்வர்டாகப் போட்டார். முதலில் நான் நேராக ஓடினேன். அருள் சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் பந்தைத் தள்ளிவிட்டான். பிறகு அக்கா சொன்னபடி நான் வளைந்து ஓடினேன். பந்தோடு நின்ற அருள் ஒரு பக்கம் பார்த்தான், மறுபக்கம் பார்த்தான். கோட்டோரம் போனான். அங்கே இரண்டு பேர் நின்றார்கள். மூன்று தடவை இப்படி ஆனது. மூன்றாம் தடவை பந்தை இழந்ததும் அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அவர் குடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அருள் ஓடினான். அவனைப் போல ஓடியவர்களை நான் பிறகு பார்க்கவில்லை. அடுத்த ஒன்றரை வருடம் எங்கள் ஏரியா அணியோடு ஆடுவதற்குப் பெரிய அணிகளே தயங்கின. கோல்களும் வந்தன. ஆனால் ஒரு விஷயம் மாறியிருந்தது. முன்பெல்லாம் எல்லாக் கோலையும் அருள் போடுவான். இப்போது வேறு வேறு ஆட்கள் போட்டார்கள். அருள் இரண்டு டிஃபென்டர்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு ஒதுங்குவான். அவன் விட்ட இடத்தில் வேறொருவன் நுழைவான். பந்து கொடுப்பவன், வாங்குபவன் இரண்டு பேரையும் எதிரணி பார்த்துக்கொள்ளும், மூன்றாவதாக வருகிறவனை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது அக்காவின் கணக்கு. அருளின் பெயரைச் சொல்லிக் கத்திய கூட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. அவனுக்கு அது வலித்திருக்க வேண்டும். சொல்லிக்கொண்டதில்லை.

தொண்ணூற்று நாலில் ஒரு பெரிய அரசுத் தொழிற்சாலையின் அணிக்கு ஆள் எடுத்தார்கள். ஒரே ஓர் இடம். எடுக்கப்பட்டால் நிரந்தர வேலை. அவர்களுடைய கோச் மஞ்சுநாத் சாரும் இரண்டு அதிகாரிகளும் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அருளுக்காகத்தான் வருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவின் அப்பா வெகு முன்பே இறந்துவிட்டிருந்தார். அருளுக்கு வேலை இல்லை. ஆட்டத்துக்கு முந்தின மாலை அருள் அக்காவிடம், நாளைக்கு ஒருநாள் நான் பழைய மாதிரி ஆடட்டுமா என்று கேட்டானாம். உன் இஷ்டம் என்று சொன்னாராம். இதை அருள் எனக்குப் பல வருடம் கழித்துச் சொன்னான்.

ஆட்டம் முடிய கால் மணி நேரம் இருந்தது. கோல் இல்லை. இடது கோட்டோரம் எங்கள் ஆள் பந்தை வாங்கினான். அருள் கோலுக்கு முன்னால் நின்றிருந்தான். பழைய அருளாக இருந்தால் கை தூக்கிப் பந்து கேட்டிருப்பான். அவன் திடீரென்று பந்தை நோக்கி வெளியே ஓடி வந்தான். அவனைக் காவல் காத்த இருவரும் கூடவே வந்தார்கள். கதவு திறந்த மாதிரி நடுவில் இடம் விழுந்தது. நான் பின்னாலிருந்து ஓடினேன். பந்து எனக்கு முன்னால் வந்தது. அடித்தேன். அந்தக் கோலில் அருளின் கால் பந்தைத் தொடவே இல்லை.

கேலரி முழுக்க என் பெயர். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் யாரு போட்டது என்று கேட்டாராம். அக்கா தன் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அதிகாரிகள் என்னைக் கூப்பிட்டுப் பெயரும் விலாசமும் எழுதிக்கொண்டார்கள். அருள் தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்றும் மறக்கவில்லை. மறுநாள் காலை பொம்மனஹள்ளி பஸ்ஸை விட்டுவிட்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இந்த வேலை அருளுடையது, நான் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நீ வேணாம்னா அது அருளுக்கு வராது. எவனோ ஒருத்தனுக்குப் போகும்" என்றார். "நீயும் சும்மா வாங்கல. அங்க எடம் விழும்னு தெரிஞ்சுதான ஓடி வந்த? போய் கையெழுத்துப் போடு."

போட்டேன். சந்தோஷமாகப் போட்டேன் என்று சொன்னால் பொய். போடாமல் இருந்திருப்பேன் என்று சொன்னாலும் பொய்தான்.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அக்கா ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்சிலிருந்து தொழிற்சாலைக்குப் போன் செய்தார். அங்கே இருந்த ஆபரேட்டர் அவருக்குக் குரல்வழிப் பழக்கம். மஞ்சுநாத் சாரின் இணைப்பு கிடைத்தது. இந்த ஞாயிறு மூன்று மணிக்கு ஆட்டம் இருக்கிறது, பத்து நிமிடம் வந்து பார்த்தால் போதும் என்று ஒரே வாக்கியம் சொன்னார். அவர் வரவில்லை. அதற்கடுத்த திங்கள் பத்தரைக்கு மறுபடி அதே வாக்கியம். கெஞ்சவில்லை, தம்பியின் கஷ்டத்தைச் சொல்லவில்லை. நான் அப்போது தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். உங்கள் ஏரியாவில் ஒரு அம்மா இருக்கிறாரே, யார் அவர் என்று கோச் என்னிடம் கேட்டார். போய்ப் பாருங்கள் சார் என்று மட்டும் சொன்னேன். ஏழாவது வாரம் அவர் வந்தார்.

கேலரியில் நாற்காலி போட்டிருந்தார்கள். அக்கா அவரைக் கோலுக்குப் பின்னால் அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். முதல் இரண்டு நிமிடத்திலேயே அக்கா, "சார், நீங்க பந்தப் பாக்கறீங்க" என்றார். கோச் கோபப்படுவார் என்று நினைத்தேன். பந்தைப் பார்க்காமல் வேறு என்ன பார்ப்பது என்றார். அந்த ஒன்பதாம் நம்பரை மட்டும் பாருங்கள், பந்து எங்கே போனாலும் போகட்டும் என்றார் அக்கா. பத்து நிமிடம் என்று வந்தவர் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அருள் அன்று கோல் போடவில்லை. கடைசி விசிலுக்குப் பிறகு, கன்னடமும் தமிழும் கலந்து கோச் கேட்டார்.

"ஏனம்மா, இவன் ஓடறதெல்லாம் மத்தவங்களுக்காகவா?"

"ஆமா சார்" என்றார் அக்கா.

மூன்று மாதத்தில் இன்னோர் இடம் காலியாகி, அருளும் தொழிற்சாலையில் சேர்ந்தான்.

அதன் பிறகு ஏழு வருடம் நாங்கள் சேர்ந்து ஆடினோம். சனிக்கிழமைதோறும் மஞ்சுநாத் சார் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அடுத்த எதிரணியைப் பற்றிக் கேட்பார். அக்கா நீளமாகப் பேச மாட்டார். அந்தக் கோல்கீப்பருக்கு இடது கால் வராது, வலது பக்கத்தை மறைத்துவிட்டால் தூக்கித்தான் அடிப்பார், விழுகிற இடத்தில் ஆளை நிறுத்துங்கள் என்பார். அது அப்படியே நடக்கும். ஒரு தடவை நகரத்தின் பெரிய கிளப்பை நாங்கள் தோற்கடித்தபோது பத்திரிகையில் கோச்சின் படம் வந்தது. அக்காவின் பெயரையும் சொல்லியிருக்க வேண்டும் என்று கோச் வருத்தப்பட்டு, அடுத்த தடவை சொல்லிவிடுகிறேன் என்றார். வேண்டவே வேண்டாம் என்றார் அக்கா. பெயர் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுக்க ஆட்கள் வந்துவிடுவார்கள், பிறகு ஆட்டத்தை எப்போது பார்ப்பது என்றார். அது அடக்கம் இல்லை. நிஜமாகவே அவருக்கு அதுதான் கவலை.

அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருந்தது. பாராட்ட மாட்டார். ஒரு நல்ல வார்த்தைக்காக நாங்கள் ஏங்கியிருக்கிறோம். அருள் எல்லோரையும்விட அதிகமாக ஏங்கினான். அப்பா போன பிறகு அவனை வளர்த்தவர் அவர்தான். நன்றாக ஆடினாய் என்று ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. தப்பு செய்தால் சொல்வார், சரியாக ஆடினால் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தையே பாராட்டாக எடுத்துக்கொள்ள நான் பழகியிருந்தேன். அவனால் முடியவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில், சீசனின் நடுவில், ஒரு மாலை அவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா தம்பியிடம், "ஒரு மாசமா நீ வலது பக்கம் திரும்பறதில்ல" என்றார். அருள் டம்ளரைக் கீழே வைத்தான். அப்படியெல்லாம் இல்லை என்றான். பந்து வலது பக்கம் போனால் நீ நின்றுவிடுகிறாய், இடது பக்கம் போனால்தான் ஓடுகிறாய், முட்டியைக் காட்டு என்றார். அவன் காட்டவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டான். நான் அவனோடு வாரத்துக்கு ஆறு நாள் ஆடிக்கொண்டிருந்தவன், எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மைதானத்துக்கு வெளியே பேன்ட்டுக்குள் கட்டுப் போட்டுக்கொண்டு, உள்ளே வரும்போது மாத்திரை விழுங்கி ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை, அது நிரந்தரமாகிவிட்டது. காலையில் மைதானத்துக்குப் போகாமல் நேராக ஆபீஸ் மேஜைக்குப் போகிற மனிதனாக ஆகிவிடுவோம் என்ற பயம்.

அக்கா அவனுக்கு ஒரு வாரம் கொடுத்தார். கோச்சிடம் அவனே சொல்லட்டும் என்று. அவன் சொல்லவில்லை. சனிக்கிழமை வழக்கம் போலப் போன் வந்தது. எதிரணியைப் பற்றிப் பேசி முடித்ததும் அவர் சொன்னார்: "சார், என் தம்பிய வெளிய உக்கார வையுங்க. முட்டி போயிடுச்சு. இன்னும் நாலு மேட்ச் ஆடுனா நடக்க மாட்டான்."

ஏழு திங்கட்கிழமை போன் செய்து அவனை உள்ளே சேர்த்தவர் ஒரே போனில் வெளியே எடுத்தார். அருள் அதை மன்னிக்கவில்லை. ஆபரேஷன் அவருடைய ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. டாக்டரிடம் பேசியது, லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தது எல்லாம் அக்கா. அவன் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். தட்டை வைப்பார், சாப்பிடுவான், முகத்தைப் பார்க்க மாட்டான். ஐந்து வாரம். நான் இருவருக்கும் நடுவில் சமாதானம் பேசப் போனேன். அக்கா என்னைத் தடுத்தார். கோபம் இருக்கட்டும், கால் இருக்கிறது இல்லையா என்றார். சொல்லிவிட்டுக் கழுவிய தட்டையே எடுத்து மறுபடி கழுவினார். அவர் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆறாவது வாரம் எங்களுக்கு ஸ்டேடியத்தில் ஆட்டம். இடைவேளை முடிந்து இறங்கும்போது அருள் ஊன்றுகோலோடு வாசலில் நிற்பதைப் பார்த்தேன். தனியாக ஆட்டோ பிடித்து வந்திருக்கிறான். கேலரிப் படிகளில் அவனால் ஏற முடியாது. சமதரையாக இருந்தது கோலுக்குப் பின்னால் மட்டும்தான். அங்கே போவதா, திரும்பிப் போவதா என்று கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மெல்ல நடந்துபோய், அக்காவுக்கு ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குடையைக் கொஞ்சம் அவன் பக்கமாகச் சாய்த்தார்.

சமனில் முடிந்தது ஆட்டம். கடைசி நேரத்தில் ஒரு கோல் வாங்கி வெற்றியைக் கோட்டை விட்டிருந்தோம். நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர்களிடம் போனேன். அருள் என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்தான். அவனுக்கு உண்மையிலேயே அதிர்ச்சியாக இருந்தது.

"சேகரு, நீ முன்னால ஏறிப் போனா ஒம் பின்னால ஒரு லாரி திரும்பற அளவுக்கு எடம் கெடக்குது. அதுல நொழஞ்சுதான் கோல் போட்டானுங்க. இத்தினி வருஷம் அந்த எடத்துல நாம எப்படிடா கோல் வாங்காம இருந்தோம்?"

 யாராலோ அந்த இடம் எப்போதும் அடைபட்டிருந்தது, நான் கவலைப்பட்டதே இல்லை.

அக்கா எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். ஐந்து வாரத்துக்குப் பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நீ ஓடி வந்து அங்க நின்னுடுவ. ஒவ்வொரு தடவையும்."

 அருள் காலி மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஊன்றுகோலை என்னிடம் நீட்டி, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.